பொருளுணர் வலையும் மக்கள் வலையும்

‘சிதம்பரம்’ என்று ஒருவர் கூறினால், அவர் ஊரைக் குறிக்கின்றாரா, அவ்வூர்த் திருக்கோயிலைக் கருதுகின்றாரா, அன்றி அப்பெயர் பூண்ட மனிதர் ஒருவரைச் சொல்லுகின்றாரா என்பதைக் கேட்பவர் ஒரு நொடியில் உணர்ந்து கொள்கின்றார். பேச்சின் இடமும் பேசுவோரின் உறவும் அவருக்குத் துணை நிற்கின்றன. கணிப்பொறிக்கோ அது எழுத்துக்களின் ஒரு வரிசை; அவ்வளவே. எழுத்து வரிசைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள இப்பள்ளத்தைத் தூர்க்க முயன்றவர்களின் வரலாறு, கணிப்பொறியினும் பழமையானது. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கோப்புகளுக்கு எண்ணிடுவதையும் அவற்றுக்குப் பொருளட்டவணை எழுதுவதையும் அன்றாடத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வரலாற்றில் ஈடுபாடு தோன்றியதில் வியப்பில்லை.

பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில், 1895ஆம் ஆண்டு, பால் ஓட்லே, ஹென்றி லா ஃபோந்தேன் என்னும் இரு வழக்கறிஞர்கள் உலகில் அச்சான நூல்கள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை அமைக்க முற்பட்டனர். (லா ஃபோந்தேன் 1913இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்.) நூல்களின் விவரங்களைச் சிறு அட்டைகளில் எழுதி, அவற்றைப் பொருள்வாரியாக இழுப்பறைகளில் அடுக்கினர். 1930களில் அட்டைகளின் தொகை ஒரு கோடியே இருபது லட்சத்தைக் கடந்தது. எவரேனும் அஞ்சல் வழியே ஒரு வினாவை விடுத்தால், உரிய அட்டைகளைத் தேடியெடுத்துப் படியெழுதி, கட்டணம் பெற்று அனுப்பினர். இன்று நாம் விரல் நுனியில் செய்யும் தேடலை அன்று அலுவலர்கள் இழுப்பறை இழுப்பறையாகச் செய்தனர் எனலாம். ஓட்லேயின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எண் தந்ததோடு அவர் நிற்கவில்லை. ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவைக் காட்டுவதற்கும் குறிகளை வகுத்தார். 1934இல் பெல்ஜிய அரசு அவருடைய நிலையத்தை மூடியது. 1940இல் நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியர், தங்கள் கலைக் கண்காட்சிக்காக அவ்விடத்தைக் காலி செய்தபோது சேகரிப்பின் ஒரு பகுதி அழிந்தது. ஓட்லே 1944இல் காலமானார். எஞ்சியவை இன்று அந்நாட்டின் மோன்ஸ் நகரில் காட்சியகமாக உள்ளன.

ஓட்லே விட்ட இடத்திலிருந்து பொருட்பகுப்பை அடிப்படையிலேயே மாற்றி அமைத்தவர் நம்மவர். தஞ்சை மாவட்டத்துச் சீயாழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டார். அப்பதவியின் தனிமை அவருக்குப் பிடிக்கவில்லை. கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். நூலகக் கலை பயில இங்கிலாந்து சென்று வந்த பின்னும் மனம் ஒப்பாவிடில் பார்த்துக் கொள்ளலாம் என்று சமாதானம் கூறி அனுப்பினார்கள். இலண்டனில் ஒரு பெரிய அங்காடியில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் காண நேர்ந்தது. துளையிட்ட சில உலோகப் பட்டைகள், சில திருகாணிகள். அவற்றைக் கொண்டே பாலமும் பூட்டலாம், பளுதூக்கியும் பூட்டலாம். அறிவுத் துறைகளையும் இவ்வாறே சிறு உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியபோது பூட்டிக் கொள்ளலாமே என்னும் எண்ணம் அவருக்கு அங்கே உதித்தது.

அவ்வெண்ணத்தின் விளைவாக 1933இல் ‘கோலன் பகுப்பு முறை’ வெளிவந்தது. முக்காற்புள்ளியால் உறுப்புகளை இணைத்தமையால் அப்பெயர் பெற்றது. அதற்கு முன்னிருந்த முறைகளில், ஒரு நூலுக்குரிய இடம் முன்னரே கட்டப்பட்ட ஒரு மாடம் போன்றது. மாடம் இல்லாத புதுப்பொருள் வந்தால் நூலகர் திகைப்பார். ரங்கநாதனோ எப்பொருளையும் ஐந்து கோணங்களில் நோக்கலாம் என்றார். எதைப் பற்றியது, எப்பண்பு அல்லது மூலப்பொருள், என்ன செயல், எவ்விடம், எக்காலம் என்பனவே அவை. நுரையீரல் காசநோயை எக்ஸ் கதிரால் குணப்படுத்துவது பற்றி இந்தியாவில் 1950இல் நடந்த ஆய்வு என்றால், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ் கதிர், ஆய்வு, இந்தியா, 1950 எனத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியை வரிசையாகக் கோத்துவிடுவார். அவர் முறையில் இந்தியாவின் எண் 44. பின்னர் காசியிலும் தில்லியிலும் பணியாற்றிய அவர், 1962இல் பெங்களூரில் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தோற்றுவித்து, 1972இல் அந்நகரிலேயே மறைந்தார். இன்று கடைத்தளங்களில் புடவை தேடும் இல்லத்தரசியார், நிறம் இது, விலை இவ்வளவு, பருத்தியா பட்டா என்று கட்டங்களில் குறியிட்டுக் கொண்டே போகின்றாரல்லவா? அது ரங்கநாதன் காட்டிய பல்கோண நெறியே.

நம் மலர்களில் எழுதுவோர் சிலர் இத்தகைய இடத்தில், இவையெல்லாம் திவாகர நிகண்டிலேயே உள்ளன என்று முடித்துவிடுவர். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனச் சொற்களைப் பொருள்வாரியாக நிகண்டுகள் தொகுத்தமை உண்மையே, அது பெருமைக்குரியதே. ஆயினும் மனனம் செய்வதற்குரிய தொகுப்பு வேறு, பூட்டியும் கழற்றியும் ஆளத்தக்க கருவி வேறு என்பதே என் கருத்து.

இனி வலைக்கு வருவோம். ஜெனீவாவை அடுத்துள்ள ‘செர்ன்’ அணு ஆய்வு மையத்தில் பணிபுரிந்த ஆங்கிலேயர் டிம் பெர்னர்ஸ் லீ, 1989 மார்ச்சில் ஒரு திட்டவரைவைத் தம் மேலதிகாரியிடம் அளித்தார். வையவிரிவலையின் பிறப்புச் சீட்டு அதுவே. அவ்வரைவின் முதற்பக்கப் படத்தில் வட்டங்களும் அவற்றை இணைக்கும் அம்புகளும் உள்ளன. அம்புகளின் மேல் ‘விவரிக்கிறது’, ‘உள்ளடக்கியது’, ‘எழுதினார்’ என்னும் பொருள்பட உறவின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. நடைமுறைக்கு வந்த வலையிலோ அம்புகள் மட்டும் எஞ்சின, பெயர்கள் உதிர்ந்தன. ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழியுண்டு. ஏன் செல்கின்றோம் என்பது மனிதருக்கு மட்டுமே தெரியும். 1993 ஏப்ரல் 30இல் செர்ன் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த வழங்கியதும் வலை உலகெங்கும் படர்ந்தது. பெயரற்ற அம்புகளின் எளிமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உதிர்ந்த பெயர்களை மீண்டும் ஒட்டும் முயற்சியே பொருளுணர் வலை. 1999இல் இதற்கென ‘ஆர்.டி.எஃப்.’ என்னும் விதிமுறை வகுக்கப்பட்டது. தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு அதனை விளக்குதல் எளிது: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். ‘கம்பர் – இயற்றினார் – இராமாவதாரம்’ என்பது ஒரு கூற்று. ‘கம்பர் – பிறந்த ஊர் – தேரழுந்தூர்’ என்பது இன்னொன்று. ‘தேரழுந்தூர் – அமைந்துள்ள மாவட்டம் – மயிலாடுதுறை’ என்பது மூன்றாவது. இவற்றின் உறுப்புகளுக்குத் தனித்தனி வலைமுகவரி தந்துவிட்டால் குழப்பம் நீங்கும். இராமாவதாரத்தை இயற்றியவர் பிறந்த ஊர் இன்று எம்மாவட்டத்தில் உள்ளது என்று கேட்டால், எவரும் அவ்விடையை எழுதி வைக்காவிடினும், மூன்று கூற்றுகளையும் கோத்துப் பொறியே விடை கூறும்.

2001 மே மாதம் பெர்னர்ஸ் லீயும் ஜேம்ஸ் ஹெண்ட்லரும் ஓரா லஸ்ஸிலாவும் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இக்கனவை எழுதினர். தாயின் சிகிச்சைக்கு ஏற்ற மருத்துவ நிலையத்தையும் நேரத்தையும் மக்களின் சார்பில் மென்பொருள்களே பேசி முடிவு செய்வதாக அதில் ஒரு காட்சி. காட்சி அழகியதே. ஆனால் கூற்றுகளையெல்லாம் எழுதித் தருவது யார்? அலுவலக அனுபவம் உள்ளவர்க்கு இவ்வினா உடனே தோன்றும். படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் எவர் ஒழுங்காக நிரப்புகின்றார்? கனடிய எழுத்தாளர் கோரி டாக்டரோ அதே 2001இல் இதனையே வாதமாக வைத்தார்: மக்கள் சோம்புவர், பொய் சொல்வர், ஒரு பொருளைப் பலர் பலவாறு விவரிப்பர் என்று. விதிமுறைகள் குழுக்களில் பெருகின; 2004இல் ‘ஆவுல்’, 2008இல் ‘ஸ்பார்க்கிள்’ என வந்தன. பொதுமக்கள் அவற்றை அறியவேயில்லை.

பொதுமக்கள் வேறு வழியில் சென்றனர். 2003இல் தொடங்கிய ‘டெலிஷியஸ்’ தளத்தில், தாம் விரும்பிய பக்கங்களுக்கு அவரவர் தோன்றிய குறிச்சொல்லை இட்டு வைத்தனர். 2004இல் வந்த ‘ஃப்ளிக்கர்’ தளத்தில் படங்களுக்கும் அவ்வாறே. குழு இல்லை, விதி இல்லை, பகுப்பு எண் இல்லை. மக்களே வகுக்கும் இம்முறைக்கு அவ்வாண்டு தாமஸ் வாண்டர் வால் என்பார் ‘ஃபோக்சானமி’ என்று பெயரிட்டார். இதன் குறையும் வெளிப்படை. ஒருவர் ‘டெல்லி’ என்பார், ஒருவர் ‘டில்லி’ என்பார், மற்றொருவர் ‘தில்லி’ என்பார். மூன்றும் ஓரூர் என்று பொறிக்குத் தெரியாது. தில்லியும் தில்லையும் வேறு வேறு ஊர்கள் என்பதும் தெரியாது! ஆயினும் வல்லுநர் கெஞ்சியும் கிட்டாத கோடிக்கணக்கான குறிப்புகளை மக்கள் விளையாட்டாகவே எழுதிக் குவித்தனர் என்பது நோக்கத்தக்கது.

அதே 2004இல் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும் தோன்றின. ஊரைவிட்டுப் பெயர்ந்து வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இவை செய்த உதவி சிறிதன்று. பள்ளித் தோழரும் பங்காளி வீட்டாரும் மீண்டும் கிடைத்தனர். ஆனால் யார் யாருக்கு உறவு, யார் யாருக்கு நண்பர் என்னும் அக்கூற்றுகள் எவர் கையில் இருந்தன? 2000ஆம் ஆண்டிலேயே டான் பிரிக்லி, லிபி மில்லர் ஆகிய இருவர், ஒவ்வொருவரும் தம் நட்பு விவரத்தைத் தம் பக்கத்திலேயே பொறியறியும் மொழியில் எழுதி வைக்கும் ‘ஃபோஃப்’ என்னும் முறையை வகுத்திருந்தனர். அது பரவவில்லை. எழுதும் தொல்லையின்றி நிறுவனங்கள் திண்ணை போட்டுத் தந்தன. நாமும் அங்குச் சென்று அமர்ந்தோம். திண்ணை அவர்களுடையது. 2014 செப்டம்பர் 30இல் ஆர்குட் மூடப்பட்டபோது, பல்லாண்டுப் பேச்சும் உறவுப் பின்னலும் அதனோடு கலைந்தன. ஒரு தளத்தில் உள்ளோர் வேறு தளத்தில் உள்ளோரோடு உரையாட வழி செய்யும் ‘ஆக்டிவிட்டிபப்’ என்னும் பொது விதிமுறை 2018இல் வந்தது. பெருந்திண்ணைகளின் கூட்டம் இன்னும் பெரிதாகக் கலையவில்லை.

பொருளுணர் வலை முற்றும் தோற்றதெனச் சொல்லுவது பொருந்தாது. 2011இல் கூகுள், யாஹூ முதலிய தேடல் நிறுவனங்கள் கூடி ‘ஸ்கீமா’ என்னும் பொதுச் சொற்பட்டியலை வெளியிட்டன. அதன்படி எழுதினால் தேடலில் தம் பக்கம் தெளிவாகத் தோன்றும் என்ற ஆதாயம் இருந்தமையால் வணிகர்கள் கட்டங்களை ஒழுங்காக நிரப்பினர்! 2012இல் கூகுள் தன் அறிவு வரைபடத்தை வெளியிட்டது. ஓர் ஊரைத் தேடினால் அருகில் தோன்றும் விவரப் பெட்டி அதன் பயனே. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு இதனினும் சிறந்ததென்பேன். இங்கு வல்லுநரின் கூற்றிலக்கணமும் மக்களின் உழைப்பும் ஒன்று சேர்ந்தன. பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. சென்னைக்குரிய எண் ‘கியூ 1352’. அதனைச் சென்னை என்றாலும் மதராஸ் என்றாலும், எம்மொழியில் எழுதினாலும் எண் ஒன்றே. எந்த மொழிக்கும் அங்குத் தலைமையில்லை. பத்துக் கோடிக்கு மேற்பட்ட உருப்படிகளை ஊதியமின்றி உழைப்போரும் அவர்கள் இயக்கும் நிரல்களும் எழுதியுள்ளனர். 2022இன் இறுதியில் வந்த சாட்ஜிபிடி போன்ற உரையாடும் பொறிகள் கூற்றுகளை நம்பியிராமல், பெருந்திரளான எழுத்தைப் படித்துப் பொருளை ஊகிக்கின்றன. ஊகம் பலகால் பொருந்துகின்றது. பொருந்தாதபோதும் அதே உறுதியோடு பேசுகின்றன. அத்தகைய இடத்தில் சரிபார்க்க, எழுதி வைத்த கூற்று வேண்டியிருக்கின்றது.

கூற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில்தான் நமக்கு இடர். ஸ்கீமா பட்டியலில் மனிதரின் பெயருக்கு இட்ட பெயர், குடும்பப் பெயர், இடைப்பெயர் போன்ற கூடுதல் பெயர் எனக் கட்டங்கள் உள்ளன. நம் பெயர் முன்னெழுத்துக்கு அங்கே உரிய இடமில்லை. படிவத்தின் கட்டாயத்தால் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, பின்னர் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் நிலை வடபுலத்தில் வாழும் நம்மில் பலருக்கு உண்டு. தந்தைவழிப் பெயருக்கெனத் தனி உறவை விக்கித்தரவு வகுத்திருக்கின்றது. அதனை உரிய இடங்களில் இட்டு நிரப்ப, விவரம் அறிந்தவர் வேண்டும்.

எஸ். ஆர். ரங்கநாதன் பெயரையே எடுத்துக் கொள்ளலாம். ‘எஸ்’ என்பது சீயாழி, அது ஊர். ‘ஆர்’ என்பது ராமாமிர்தம், அது தந்தை. எஞ்சிய ரங்கநாதன் மட்டுமே அவர். மூன்று உறுப்புகள், மூன்று கூற்றுகள். உலக நூலகப் பட்டியல்களிலோ ரங்கநாதன் என்பது குடும்பப் பெயரின் இடத்தில் முன்னே நிற்க, ஊரும் தந்தையும் காற்புள்ளிக்குப் பின்னே இட்ட பெயர்களாக நிற்கின்றனர்.