சயாம் மரண ரயில் பாதை

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படை சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 1942–43இல் அமைத்த 415 கி.மீ. இருப்புப் பாதை. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அவ்வேலைக்கு ஆசைகாட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே மூங்கில் கொட்டகை, அரைவயிற்றுச் சோறு, மலேரியா, எலும்பு தெரியப் புரையோடிய கால்புண்; காலரா பரவிய முகாம்களில் பிணங்களை மொத்தமாகப் புதைத்தனர். இதே பாதை வேலையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழருக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. பிழைத்து மீண்ட தாத்தா பாட்டிகளின் வாய்மொழியே முக்கியச் சான்று. அதைக் காலத்தில் பதிவுசெய்யாதது பெருங்குறைதான். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இவ்வரலாற்றைச் சொல்கிறது.