லினக்ஸ் திறன்பேசிகளின் ஒப்பீடு

லினக்ஸ் திறன்பேசி என்பது லினக்ஸ் கருனியையும், மேசைக் கணினிகளுக்கான குனூ/லினக்ஸ் வழங்கல்களில் காணப்படும் பிற கூறுகளையும் அடிப்படையாகக் கொண்டு இயங்கும் நகர்பேசி ஆகும். ஆண்ட்ராய்டு இயங்குதளமும் லினக்ஸ் கருனியின் மீதே கட்டப்பட்டது. எனினும் அதன் சி நிரலகம், வரைகலை அடுக்கு, பயன்பாட்டுச் சூழல் ஆகியன வேறானவை. மேலும், விற்பனைக்கு வரும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு பேசிகளில் சாதன இயக்கிகளின் முக்கியப் பகுதிகள் மூடிய மென்பொருட்களாகவே வழங்கப்படுகின்றன. இதனால் "லினக்ஸ் திறன்பேசி" என்னும் பெயர் வழக்கமாக ஆண்ட்ராய்டு அல்லாத பேசிகளையே குறிக்கிறது.

இக்கட்டுரை நியோ ஃப்ரீரன்னர் (2008), நோக்கியா என்900 (2009), பைன்ஃபோன் (2020), லிப்ரெம் 5 (2020) ஆகிய நான்கு பேசிகளை வன்பொருள் திறன், பயன்பாட்டு எளிமை, மென்பொருள் சுதந்திரம் ஆகிய மூன்று அளவுகோல்களின்படி ஒப்பிடுகிறது.

வரலாறு

லினக்ஸ் கருனி நகர்பேசிகளில் 2000களின் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. மோட்டோரோலா நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ760 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். ஆனால் இத்தகைய பேசிகளில் பயனர் தாமே மென்பொருளை மாற்றியமைக்க நிறுவனங்கள் வழி செய்யவில்லை. கருனி கட்டற்றதாக இருந்தபோதும் பேசி மூடியதாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் ஓப்பன்மோக்கோ திட்டம் தொடங்கப்பட்டது. தாய்வானைச் சேர்ந்த எஃப்.ஐ.சி. நிறுவனத்தின் துணையுடன் 2007 இல் நியோ 1973 என்னும் பேசி நிரலாளர்களுக்காக வெளியிடப்பட்டது. முதல் கையடக்க நகர்பேசி அழைப்பு 1973 ஆம் ஆண்டில் செய்யப்பட்டதை நினைவுகூரும் வகையில் இப்பெயர் இடப்பட்டது. இதன் அடுத்த வடிவமே ஃப்ரீரன்னர் ஆகும். 2009 இல் ஓப்பன்மோக்கோ நிறுவனம் புதிய பேசிகளின் உருவாக்கத்தைக் கைவிட்டது.

நோக்கியா நிறுவனம் இணையக் கைக்கணினிகளுக்காக உருவாக்கிய மேமோ இயங்குதளத்தை 2009 இன் இறுதியில் என்900 மூலம் பேசிக்குக் கொண்டுவந்தது. 2011 பெப்ரவரியில் மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் தளத்துக்கு மாறப்போவதாக அந்நிறுவனம் அறிவித்ததால் இம்முயற்சி தடைப்பட்டது. கனோனிக்கல் நிறுவனமும் தனது உபுண்டு டச் திட்டத்தை 2017 இல் கைவிட்டது. அதனை யூபிபோர்ட்ஸ் என்னும் தன்னார்வக் குழுமம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் பியூரிசம் நிறுவனம் லிப்ரெம் 5 பேசிக்காகப் பொதுமக்களிடம் 20 இலட்சம் அமெரிக்க டாலருக்கும் கூடுதலாக நிதி திரட்டியது.

அடிப்படை விவரங்கள்

- நியோ ஃப்ரீரன்னர்: 400 மெகா ஹேர்ட்ஸ் சாம்சங் செயலி, 128 மெகாபைட்டு நினைவகம், 256 மெகாபைட்டு சேமிப்பகம், 2.8 அங்குலத் தொடுதிரை (480 x 640), ஒளிப்படக்கருவி இல்லை, அறிமுக விலை 399 அமெரிக்க டாலர்.
- நோக்கியா என்900: 600 மெகா ஹேர்ட்ஸ் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஓமேப் 3430 செயலி, 256 மெகாபைட்டு நினைவகம், 32 கிகாபைட்டு சேமிப்பகம், 3.5 அங்குலத் தொடுதிரை (800 x 480). வெளியே நகர்த்தக்கூடிய விசைப்பலகை. 5 மெகாபிக்சல் ஒளிப்படக்கருவி.
- பைன்ஃபோன்: நான்கு கருவங்கள் கொண்ட ஆல்வின்னர் ஏ64 செயலி, 2 அல்லது 3 கிகாபைட்டு நினைவகம், 16 அல்லது 32 கிகாபைட்டு சேமிப்பகம், 5.95 அங்குலத் தொடுதிரை (720 x 1440); முதல் பதிப்பின் விலை 150 அமெரிக்க டாலர்.
- லிப்ரெம் 5: நான்கு கருவங்கள் கொண்ட 1.5 கிகா ஹேர்ட்ஸ் என்.எக்ஸ்.பி. ஐ.எம்.எக்ஸ் 8எம் செயலி, 3 கிகாபைட்டு நினைவகம், 32 கிகாபைட்டு சேமிப்பகம், 5.7 அங்குலத் தொடுதிரை (720 x 1440). நிதி திரட்டலின்போது விலை 599 அமெரிக்க டாலர்.

வன்பொருள் திறன்

நான்கு பேசிகளுள் என்900 மட்டுமே தான் வெளிவந்த காலத்தின் உயர்நிலைப் பேசிகளுக்கு இணையான வன்பொருளைக் கொண்டிருந்தது. பெரிய நிறுவனம் ஒன்றின் உற்பத்தி வலிமை இதற்குக் காரணம் ஆகும். ஏனைய மூன்றும் சமகாலப் பேசிகளைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தன.

இப்பின்னடைவு தற்செயலானது அன்று. விரைவான புதிய பேசிச் சில்லுகளுக்கான முழுமையான ஆவணங்கள் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. சிறிய அளவில் வாங்குவோருக்கு அவை எளிதில் விற்கப்படுவதும் இல்லை. எனவே, கட்டற்ற இயக்கிகள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட பழைய சில்லுகளையோ, தொழிற்துறைக் கருவிகளுக்கான சில்லுகளையோ தெரிவு செய்ய வேண்டியுள்ளது. பைன்ஃபோனின் செயலி கைக்கணினிகளுக்காக உருவாக்கப்பட்டது. லிப்ரெம் 5 இன் செயலி உட்பொதி கருவிகளுக்கானது. அது இணக்கியைத் தன்னுள் கொண்டிராதது. தனி இணக்கியைச் செருகும் அமைப்பினால் லிப்ரெம் 5 சுமார் 15.5 மில்லிமீட்டர் தடிப்புடையதாக உள்ளது.

ஃப்ரீரன்னரின் வரைகலைச் சில்லு செயலியுடன் மெதுவான தடம் வழியாக இணைக்கப்பட்டிருந்ததால் திரையை நகர்த்தும்போது தாமதம் தெரிந்தது. அதன் தொடக்கப் பேசிகளில், அழைப்பின்போது மறுமுனையில் இருப்பவருக்கு இரைச்சல் கேட்கும் குறையும் இருந்தது. மின்சுற்று வரைபடங்கள் வெளியிடப்பட்டிருந்தமையால் இக்குறையின் காரணம் கண்டறியப்பட்டு, மின்தேக்கி ஒன்றைச் சேர்த்துப் பற்றவைக்கும் தீர்வு உருவாக்கப்பட்டது. பயனர்கள் சில இடங்களில் ஒன்றுகூடித் தம் பேசிகளைத் தாமே திருத்திக்கொண்டனர்.

பயன்பாட்டு எளிமை

நாளாந்தப் பயன்பாட்டில் என்900 முன்னிலை வகித்தது. இதன் உலாவி மோசில்லாவை அடிப்படையாகக் கொண்டது. பல பயன்பாடுகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்து அவற்றிடையே மாறும் வசதி சிறப்பாக அமைந்திருந்தது. முனையம் பேசியுடனேயே வழங்கப்பட்டது. டெபியன் வகைப் பொதிகளை நிறுவ இயன்றது. பேசியின் யூ.எஸ்.பி. செருகுவாய் எளிதில் பெயர்ந்துவிடுவது இதன் அறியப்பட்ட குறையாகும்.

ஃப்ரீரன்னரின் மென்பொருள் முதிர்ச்சி அடையவில்லை. அதன் பயனர் இடைமுகம் குறுகிய காலத்தில் ஒரு கருவித்தொகுதியில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் அடிப்படைப் பயன்பாடுகளை மீண்டும் சீரமைக்க வேண்டியிருந்தது. இதனால் அது பெரும்பாலும் நிரலாளர்களின் பேசியாகவே இருந்தது.

பைன்ஃபோன், லிப்ரெம் 5 ஆகியவற்றில் முதன்மையான சிக்கல் மின்கலத்தின் நீடிப்பு ஆகும். செயலி எப்போதும் விழித்திருந்தால் மின்கலம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். செயலியை உறங்கவைத்தால், அழைப்பு வரும்போது இணக்கி அதனை எழுப்ப வேண்டும். பைன்ஃபோனின் தொடக்க காலத்தில் இவ்வாறு எழுவதற்குச் சில நொடிகள் ஆனதால் அழைப்புகள் தவறிப்போவதும் உண்டு. கிரஸ்ட் என்னும் கட்டற்ற நிலைபொருள் பைன்ஃபோனின் ஆழ்ந்த உறக்க நிலையை இயலச் செய்து இதனை ஓரளவு சீராக்கியது.

மேசைக் கணினிப் பயன்பாடுகளைச் சிறு திரையில் பொருத்துவது மற்றொரு சிக்கல். பியூரிசம் உருவாக்கிய ஃபோஷ் இடைமுகமும், கேடீஈ குழுமத்தின் பிளாஸ்மா மொபைல் இடைமுகமும் இதற்குத் தீர்வு காண முயல்கின்றன. திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பயன்பாட்டைப் பேசியிலும், வெளித் திரையும் விசைப்பலகையும் இணைத்துக் கணினி போலவும் பயன்படுத்தலாம். வங்கிகளும் செய்தியனுப்பு நிறுவனங்களும் ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். தளங்களுக்கு மட்டுமே பயன்பாடுகளை வெளியிடுவது இப்பேசிகளுக்கான பெருந்தடையாகும். வேடிராய்டு என்னும் மென்பொருள் மூலம் ஆண்ட்ராய்டு பயன்பாடுகள் பலவற்றை இயக்கலாம். ஆனால் குறைந்த திறனுள்ள வன்பொருளில் அவை மெதுவாகவே இயங்கும்.

மென்பொருள் சுதந்திரம்

இவ்வளவுகோலில் வரிசை ஏறத்தாழத் தலைகீழாகிறது. என்900 இன் வரைகலை இயக்கியும், மின்கலத்தை மின்னேற்றும் நிரலும், மேமோவின் பல பயன்பாடுகளும் மூடியவை. நோக்கியா விலகிய பின்னர் அவற்றில் இருந்த வழுக்களை மூலநிரல் இன்றித் திருத்த இயலவில்லை.

ஃப்ரீரன்னரின் மென்பொருள் கட்டற்றதாக இருந்ததுடன், மின்சுற்று வரைபடங்களும் மேலுறையின் வடிவமைப்புக் கோப்புகளும் வெளியிடப்பட்டன. பைன்ஃபோனிலும் லிப்ரெம் 5 இலும் வரைகலைக்கு முறையே லீமா, எட்னாவிவ் எனும் கட்டற்ற இயக்கிகள் பயன்படுகின்றன. லிப்ரெம் 5 உடன் வரும் பியூர்ஓஎஸ் வழங்கலைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017 இல் முற்றிலும் கட்டற்றதாக ஏற்றுக்கொண்டது. பைன்ஃபோனை வெளியிட்ட பைன்64 தனக்கென இயங்குதளம் எதையும் உருவாக்கவில்லை. மோபியன், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் முதலான பல வழங்கல்களுள் ஒன்றைப் பயனரே தெரிவு செய்யலாம்.

எனினும் இந்நான்கில் எதுவும் முழுமையாகக் கட்டற்றதன்று. வலையமைப்புடன் பேசும் இணக்கி ஒரு தனிக் கணினியைப் போன்றது. அதன் வானொலிப் பகுதியின் நிலைபொருள் நான்கு பேசிகளிலும் மூடியது. காப்புரிமைகளும், வானொலிக் கருவிகளுக்குத் தேவைப்படும் சான்றளிப்பு முறைகளும் இதற்கான காரணங்களுள் அடங்கும். எனவே வடிவமைப்பாளர்கள் இணக்கியைத் தனிமைப்படுத்தும் வழியை மேற்கொண்டனர். ஃப்ரீரன்னரில் அது தொடர் இணைப்பு வழியாகவும், பைன்ஃபோன், லிப்ரெம் 5 ஆகியவற்றில் யூ.எஸ்.பி. வழியாகவும் இணைக்கப்பட்டுள்ளது. இதனால் இணக்கி முதன்மை நினைவகத்தை நேரடியாக அணுக இயலாது. மேலும் லிப்ரெம் 5 இன் பக்கவாட்டில் உள்ள மூன்று ஆளிகளும், பைன்ஃபோனின் பின்மூடிக்கு அடியில் உள்ள ஆறு சிறு ஆளிகளும் இணக்கி, ஒலிவாங்கி, ஒளிப்படக்கருவி முதலானவற்றை வன்பொருள் அளவிலேயே செயலிழக்கச் செய்கின்றன.

பேசியின் ஆயுள்

ஒரு பேசி எவ்வளவு காலம் பயன்படும் என்பது மேற்கண்ட மூன்று அளவுகோல்களையும் இணைக்கும் வினா ஆகும். இயக்கிகள் முதன்மை லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்டுவிட்டால், உற்பத்தியாளர் விலகிய பின்னரும் புதிய கருனிகளைப் பேசியில் இயக்கலாம். என்900 பேசிக்கு மேமோ லெஸ்டெ என்னும் தன்னார்வத் திட்டம் நோக்கியா விலகிப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் புதிய கருனியுடன் இயங்குதளத்தை உருவாக்கியது.

மென்பொருளின் ஆயுளை நீட்டித்தாலும் வலையமைப்பின் ஆயுளை நீட்டிக்க இயலாது. ஃப்ரீரன்னர் இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் மட்டும் இயங்குவது. என்900 மூன்றாம் தலைமுறை வரை ஏற்பது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022 இல் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தின. இவ்விரு சேவைகளும் நிறுத்தப்பட்ட இடங்களில் இப்பேசிகளில் அழைப்பு மேற்கொள்ள முடியாது. நான்காம் தலைமுறையில் இயங்கும் பைன்ஃபோன், லிப்ரெம் 5 ஆகியவற்றிலும், அவ்வலையமைப்பின் வழியே குரல் அழைப்பு கிடைப்பது இணக்கியின் மூடிய நிலைபொருள் குறிப்பிட்ட சேவை நிறுவனத்தை ஆதரிப்பதைப் பொறுத்துள்ளது.

தொகுப்பு

பயன்பாட்டு எளிமையிலும் தன் காலத்துக்கேற்ற வன்பொருள் திறனிலும் என்900 முதலிடம் பெறுகிறது. சுதந்திரத்தில் அது கடைசியில் நிற்கிறது. ஃப்ரீரன்னர் சுதந்திரத்தில் முன்னோடியாக அமைந்தது. நாளாந்தப் பயன்பாட்டுக்கு உரியதாக அது வளரவில்லை. லிப்ரெம் 5 சுதந்திரத்தையும் தனிமறைவையும் முதன்மைப்படுத்தி, அதற்கான விலையைப் பணத்திலும் தடிப்பிலும் மின்கல நீடிப்பிலும் பெறுகிறது. பைன்ஃபோன் மெதுவானதாயினும், மாணவர்களும் நிரலாளர்களும் குறைந்த செலவில் கற்கவும் பங்களிக்கவும் ஏற்றதாக வடிவமைக்கப்பட்டது. மூன்று அளவுகோல்களிலும் ஒருசேர முன்னிற்கும் பேசி இந்நான்கில் எதுவும் இல்லை.