போடிநாயக்கனூர் வட்டார வளரிளம் பருவத்தினர் நலச் சேவைகள்

போடிநாயக்கனூர் வட்டார வளரிளம் பருவத்தினர் நலச் சேவைகள் என்பது, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர் நகரிலும் அதன் மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளிலும் வாழும் இளையோருக்கான நலக்கல்வி, மருத்துவ உதவி, உளவள ஆலோசனை ஆகியவற்றைக் குறிக்கும். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலானோரை வளரிளம் பருவத்தினர் என்று வரையறுக்கிறது. இவர்களுக்கான அரசுச் சேவைகள் பெரும்பாலும் பள்ளி வழியாகவோ, பகலில் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகவோ கிடைக்கின்றன. இவ்வட்டாரத்தில் படிப்பை நிறுத்திவிட்டு ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் இளையோர் அந்த நேரத்தில் இவ்விரு இடங்களிலும் இருப்பதில்லை. இதுவே இங்கு இச்சேவைகளின் முதன்மையான சிக்கலாகும்.

வட்டாரத்தின் இயல்பு

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர் பெற்ற நகராட்சி ஆகும். இந்திய நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல மையங்களுள் ஒன்று இங்கும், மற்றொன்று கேரளத்தின் புற்றடியிலும் உள்ளன. காய் விளைவது பெரும்பாலும் மாநில எல்லைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளில். அத்தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களில் பலர் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து நாள்தோறும் செல்கின்றனர். விடியுமுன் ஜீப்பில் புறப்பட்டு, முந்தல் வழியாகக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைக் கடந்து வேலைக்குச் சென்று, மாலையில் திரும்புவது இவர்களது வழக்கம். காய் எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகரிலுள்ள கிடங்குகளில் ஏலக்காயைத் தரம் பிரிப்பவர்களும் பெண்களே.

எல்லையின் அமைப்பு வேறொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. ஏறத்தாழ 7,900 அடி உயரத்திலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்கு வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே உள்ளது. அங்கு வசிக்கும் ஒரு சிறுமிக்கு உரிமையுள்ள செவிலியர் ஒரு மாநிலத்திலும், எட்டிப்பிடிக்கக்கூடிய மருத்துவமனை மற்றொரு மாநிலத்திலும் இருக்கலாம். போடியில் அரசு மருத்துவமனை உள்ளது. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு, தேனியைக் கடந்து க.விலக்கில் 2004 இல் தொடங்கப்பட்ட அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திட்டங்களின் வரலாறு

பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் 2005 இல் நாடு முழுவதும் அறிமுகமானது. 2007 இல் மகாராட்டிரம், கருநாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட சில மாநிலங்கள் பாலியல் தொடர்பான பாடங்களை எதிர்த்து அதனை நிறுத்தின. உடலைப் பற்றிய பாடத்தை வகுப்பில் பேசலாமா என்ற தயக்கம் அத்துடன் தீர்ந்துவிட்டதாகக் கூற இயலாது.

தமிழ்நாடு அரசு 2011 இல் அறிவித்து 2012 இல் தொடங்கிய புதுயுகம் திட்டம், 10 முதல் 19 வயது வரையிலான ஊரகப் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்கியது. நடுவண் அரசின் ராஷ்டிரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் 2014 சனவரி 7 அன்று தொடங்கப்பட்டது. ஊட்டம், பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம், உளநலம், வன்முறையும் காயங்களும், போதைப்பொருள் பழக்கம், தொற்றா நோய்கள் என ஆறு துறைகளை அது வகுத்தது. ஊருக்கு இரண்டு ஆண், இரண்டு பெண் என நான்கு சக கல்வியாளர்களை இளையோரிலிருந்தே தேர்ந்தெடுப்பது அதன் வழிமுறையாகும். 2018 இல் அறிவிக்கப்பட்ட பள்ளி நலத் திட்டமோ, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வாரந்தோறும் வகுப்பு நடத்தச் சொல்கிறது.

இவற்றுள் சக கல்வியாளர் முறையே இவ்வட்டாரத்திற்கு மிகவும் பொருந்துவது. செவிலியரால் ஏற முடியாத அதிகாலை ஜீப்பில் சக வயதினர் ஏற்கனவே அமர்ந்திருக்கின்றனர். ஆனால் படித்துக்கொண்டிருப்பவர்களை மட்டுமே இப்பணிக்குத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பயன் போய்விடும்.

இரத்தசோகையும் கொக்கிப்புழுவும்

2019–21 இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இதைத் தடுக்க வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீலநிற மாத்திரை தரப்படுகிறது. 2018 இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் அளவுப்படி அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன.

மாத்திரையைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். ஒருமுறை குமட்டினால் அடுத்த வாரம் மாத்திரை குப்பைக்குப் போகும். உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும் என்பதும், தேநீருடன் சேர்த்தால் அதிலுள்ள டானின் இரும்பை உடல் ஈர்க்கவிடாமல் தடுக்கும் என்பதும் சொல்லித்தரப்பட வேண்டியவை. காலை உணவுக்குப் பதிலாகத் தேநீர் குடித்துவிட்டு வண்டி ஏறும் ஊரில் இது சிறு செய்தி அன்று. நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவை இரும்பு ஈர்க்கப்படத் துணை செய்கின்றன.

ஈரமும் நிழலும் மிகுந்த தோட்ட மண் கொக்கிப்புழுவுக்கு ஏற்றது. அதன் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோல் வழியே உடலுள் புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகின்றன. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையே இப்புழுவை ஒழிக்க ராக்பெல்லர் நிறுவனம் 1916 இல் இயக்கம் தொடங்கியது. மருந்து தந்தபின்னும் கழிவறையும் காலணியும் இல்லாத இடங்களில் தொற்று திரும்பி வருவது அங்கு கண்ட அனுபவமாகும். இந்தியாவில் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது.

மாதவிடாய் நலம்

புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதங்களுக்கு மூன்று பொதிகள், பொதிக்கு ஆறு நாப்கின் என 18 நாப்கின்கள் தரப்பட்டன. அதாவது ஒரு சுழற்சிக்கு ஒன்பது. நாளொன்றுக்கு மூன்று என ஐந்து நாட்களுக்குக் கணக்கிட்டால் பதினைந்து வேண்டும். பள்ளியில் படிப்பவருக்கு அங்கேயும், படிப்பை நிறுத்தியவருக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் அல்லது அங்கன்வாடி வழியாகவும் வழங்குவது ஏற்பாடு.

தோட்டத்தில் சிக்கல் நாப்கினைப் பெறுவதோடு நிற்பதில்லை. அதை மாற்ற இடமும் வேண்டும். ஐந்து எக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கே 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கழிவறையையும் மருத்துவ வசதியையும் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்பு குறித்த 2020 ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. ஏலத்தோட்டங்களில் பல இந்த அளவை எட்டாதவை. விடியுமுன் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் பெண் அதுவரை ஒரே நாப்கினுடன் இருப்பதும், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும் சிறுநீர்த்தொற்றுக்கு வழிவகுக்கும்.

பூச்சிக்கொல்லி

முன்சொன்ன ஆறு துறைகளில் 'வேலை' என்றொரு தலைப்பு இல்லை. ஏலச் செடியோ இலைப்பேனுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் எதிராக அடிக்கடி மருந்தடிக்கப்படும் பயிர். இளைஞர்கள் இவ்வேலைக்கு அமர்த்தப்படுகின்றனர். கரிமப் பாசுபரசு வகை மருந்துகள் மூச்சு வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலுள் சேரும். நனைந்த சட்டையை உடனே களைதல், சோப்பிட்டுக் குளித்தல், அதே உடையுடன் உணவுண்ணாமை ஆகியவை எளிய பாதுகாப்புகள். மிகுந்த எச்சில், கண்பாவை சுருங்குதல், தசை துடித்தல் ஆகியன நஞ்சேறியதன் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2016 திருத்தத்திற்குப் பின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 முதல் 18 வயதினரை இடர்மிகு தொழில்களில் அமர்த்துவதைத் தடை செய்கிறது.

உளநலம்

வீட்டில் பூச்சிக்கொல்லி எளிதில் எட்டும் இடத்தில் இருப்பது, நொடிநேர மனவேதனையை உயிரிழப்பாக்கிவிடக் கூடியது. இலட்சுமி விஜயகுமார் 1986 இல் சென்னையில் நிறுவிய சினேகா அமைப்பு, காட்டுமன்னார்கோவில் வட்டச் சிற்றூர்களில் பூச்சிக்கொல்லியைப் பொதுவிடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் செய்துபார்த்தது. அது நடைமுறைக்கு ஏற்றது என்று தெரியவந்தது. போடி வட்டாரத்திலும் ஆராயத்தக்க முறை இது. தேர்வில் தவறியோர் ஓராண்டு காத்திராமல் உடனே மீண்டும் எழுதும் துணைத்தேர்வு முறையும் மாணவர் உயிர்காக்கும் ஏற்பாடுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. எனவே வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருக்க வேண்டியதில்லை.

இரகசியம் காத்தலும் சட்டமும்

சிற்றூரில் மருத்துவமனை வரிசையில் நிற்கும் மணமாகாத பெண்ணை யாரேனும் ஓர் உறவினர் பார்த்துவிடுவார். சேவை இருந்தும் பயன்படாமல் போவதற்கு இதுவே பெரும் காரணம். 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன் மணமானோர் 12.8 விழுக்காடு. இது முந்தைய ஆய்வில் 16.3 ஆக இருந்தது. ஆனால் 15–19 வயதில் தாயானோர் அல்லது கருவுற்றோர் 5.0 இலிருந்து 6.3 விழுக்காடாகக் கூடினர்.

போக்சோ எனப்படும் 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இது குழந்தையைக் காக்கவே இயற்றப்பட்டது. எனினும், காவல் நிலையம் வரை போகுமோ என்ற அச்சத்தில் கருவுற்ற சிறுமியர் தகுதியற்றவர்களிடம் செல்லவும் இது காரணமாகிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், சிறுமியும் அவரது காப்பாளரும் வேண்டினால், கருக்கலைப்புச் செய்யும் மருத்துவர் அவ்வறிக்கையில் சிறுமியின் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு மருத்துவர்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. கிராம சுகாதாரச் செவிலியரும் சக கல்வியாளரும் அறிந்திருந்தால்தான் சிறுமியின் காதுக்கு எட்டும்.

இலங்கையில் 'யொவுன் பியச' என்ற பெயரில் இளையோருக்கெனத் தனி நல மையங்கள் இயங்குகின்றன. தனிக்கட்டடம் இல்லாவிடினும், மாலை நேரமும் ஞாயிறும் ஆலோசனைக்கு ஒதுக்குவது தோட்டத்திலிருந்து திரும்புவோருக்குப் பயன்படும்.

உதவி எண்கள்

14416 – டெலி மானஸ் மனநல உதவி. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசலாம்.
1098 – குழந்தைகள் உதவி. குழந்தைத் திருமணம், வேலைக்கு அமர்த்தல், வன்முறை குறித்துத் தெரிவிக்க.
104 – தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை.
181 – பெண்கள் உதவி.
108 – அவசர ஊர்தி.