ஓணம் ஆர்டர்: காசர்கோட்டுக்கு ஓகே, களியக்காவிளைக்கு ஏன் ஜிஎஸ்டி?

பாறசாலையில் வீட்டிலேயே நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு ஆன்லைனில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டாதவரை, கேரளத்தின் வடகோடி காசர்கோட்டுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே அனுப்பலாம். சில கி.மீ. தள்ளியுள்ள களியக்காவிளைக்கு? முடியாது. அது தமிழ்நாடு. வரிக்குரிய சரக்கை மாநிலம் தாண்டி விற்றால் முதல் பாக்கெட்டுக்கே பதிவு கட்டாயம்.

அமேசான், ஃப்ளிப்கார்ட் போன்ற தளங்களில் சிறு வியாபாரிகள் பதிவின்றி விற்கும் சலுகை 1.10.2023 முதல் இருக்கு. ஆனா அதுவும் மாநிலத்துக்குள் மட்டும்தான். அதற்கும் ஜிஎஸ்டி போர்ட்டலில் தனி எண் வாங்கணும்.

ஆதார் சரிபார்ப்பு முடிந்தால் பதிவு வழக்கமாக 3 வேலை நாளில் கிடைக்கும். நேரில் ஆய்வு என்றால் 30 நாள் வரை ஆகலாம். அத்தத்திலிருந்து திருவோணத்துக்கு இருப்பதோ பத்தே நாள். பூக்களம் போட ஆரம்பித்த பிறகு விண்ணப்பித்து, நேரில் ஆய்வும் வந்துவிட்டால், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆர்டரெல்லாம் தீபாவளிக்குத்தான்.