ஊரிசு என்னும் பெயர்

அரக்கோணம் முதல் ஆம்பூர் வரை மக்கள் ஊரிசு கல்லூரி என்றழைக்கும் வேலூர்க் கல்லூரியின் பெயர், வூரீஸ் என்னும் டச்சுக் குடும்பப்பெயர். நெதர்லாந்தின் திரெந்தே மாகாணத்தில் ஹேஸ் என்ற சிற்றூர் உண்டு. ‘வோர்’ என்றால் முன். ஹேஸுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் வான் வோர்ஹேஸ் ஆனார்கள். 1660இல் ஸ்டீவன் கூர்ட்டே என்பவர் அங்கிருந்து குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, இன்றைய நியூயார்க் பகுதியில் குடியேறினார். ‘கூர்ட்டே’ அவருடைய தந்தைவழிப் பெயர். ஆனால் வோர்ஹேஸ் என்னும் ஊர்ப்பெயரே சந்ததிக்கு நிலைத்து, வூரீஸ் என்று ஒலிக்கலாயிற்று.

டச்சுக் குடியேறிகள் வளர்த்த சீர்திருத்தத் திருச்சபை 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது. அம்மிஷன் 1898இல் வேலூரில் நிறுவிய கல்லூரிக்கு, கொடையளித்த வூரீஸ் தம்பதியரின் பெயர் சூட்டப்பட்டது. தமிழர் நாவில் வூரீஸ் ‘ஊரிசு’ ஆயிற்று.