உடையவரும் உடனுறைந்தவரும்: தமிழ்ச் சான்றுகளில் குதிரை

குதிரை தமிழ் நிலத்தில் தானே பெருகிய விலங்கன்று. யானையைக் காட்டில் பிடித்துப் பழக்கலாம். ஆனிரை ஊரிலேயே ஈன்று பெருகும். குதிரையோ பெரும்பாலும் கலமேறி வந்து கரையிறங்க வேண்டும். இறங்கியபின் இந்நிலத்தின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தப்பி வாழ வேண்டும். உழவுக்கு அது பயன்படவில்லை, பாலும் தரவில்லை. ஆயினும் ஈராயிரம் ஆண்டுக் காலமாக இந்நிலத்து மக்கள் அதனை விரும்பியுள்ளனர். போர்த்தேவை, கடல் வாணிகம், அரசர் பெருமிதம் ஆகிய காரணங்களை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கின்றனர். அவை குதிரை ஏன் வாங்கப்பட்டது என்பதை விளக்குகின்றன. அது ஏன் விரும்பப்பட்டது என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை தேடும்போது, குதிரையை உடைமையாகக் கொண்டவரின் மகிழ்ச்சியும், அதனோடு நாள்தோறும் உடனுறைந்தவரின் பற்றும் ஒன்றல்ல என்பது சான்றுகளில் தெரியவருகிறது. முன்னதைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. பின்னது ஆங்காங்கே கசிந்து தெரிகிறது.

பெயர்

ஒரு விலங்கு மக்களின் அன்றாடப் பேச்சில் எவ்வளவு கலந்தது என்பதை அதன் ஆண், பெண், குட்டி ஆகியவற்றுக்கு வழங்கும் சொற்கள் காட்டும். தொல்காப்பிய மரபியல் யானை, கழுதை, கடமை, ஆன் ஆகியவற்றோடு குதிரையின் இளமைக்கும் 'கன்று' என்னும் பெயரை உரிமையாக்குகிறது. பெண் குதிரைக்குப் 'பெட்டை' என்பது வழக்கு. ஆண் குதிரையைச் 'சேவல்' என்று சொல்லும் வழக்கும் அங்குக் குறிக்கப்படுகிறது. சிறகுடையவற்றுக்கு உரிய சொல் குளம்புடைய விலங்குக்கு வந்தது விதிக்கு மாறுபட்டதே. எனினும் வழக்கில் இருப்பதால் அதனைக் கடிதல் ஆகாது என்று ஆசிரியர் இடம் தருகிறார். பறப்பது போன்ற அதன் விரைவைக் கண்டு வியந்தவர் வாயில் இச்சொல் பிறந்திருக்கலாம். இலக்கணம் வகுத்தவர் அவ்வியப்பைத் தடுக்கவில்லை.

தனிக் குதிரையின் பெயர் இன்னும் நெருக்கமானது. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்பதே பெயர். அவனோடு பொருத ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர் எனச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. ஆளின் பெயர் குதிரைக்கு வந்ததா, குதிரையின் பெயர் ஆளுக்கு வந்ததா என்று வழக்காடுவதில் பெரும்பயன் இல்லை. களத்தில் நின்றவர் இருவரையும் ஒரே சொல்லால் சுட்டினர் என்பதே கருதத்தக்கது. குதிரை அவனுக்கு உரிய பொருளாக நின்றதோடு அமையவில்லை. பிறர் அவனைக் காணும் உருவத்தில் அதுவும் ஒரு பகுதியாயிற்று. உடையவரின் மகிழ்ச்சிக்கு வேர் இங்கே இருக்கிறது. தரையில் நிற்கும் ஒருவன் குதிரைமேல் ஏறியதும் உயரமும் விரைவும் பெறுகிறான். அவையும் தன்னுடையவை என்று அவன் உணர்கிறான். அதே காரியைத்தான் இரவலருக்குக் குதிரைகளை இனிய சொல்லோடு வழங்கிய வள்ளல் என்றும் அந்நூல் புகழ்கிறது. இதில் முரண் இல்லை. தன்னை உயர்த்திய ஒன்றையே பிறர்க்குத் தருவது கொடையில் தலையாயது என அக்காலத்தார் கருதினர்.

புறநானூற்றில் எருமை வெளியனார் பாடிய குதிரைமறப் பாட்டு ஒன்று வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. எல்லாருடைய குதிரைகளும் திரும்பிவிட்டன. தன் மகனைத் தந்தவன் ஊர்ந்து சென்ற குதிரை மட்டும் வரவில்லை என்று வீட்டில் இருப்பவள் கலங்குகிறாள். கணவன் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. குதிரை வரவில்லை என்றே சொல்கிறாள். அக்குளம்பொலியை நாள்தோறும் கேட்டுப் பழகிய வீடு அது.

முல்லைப்பாட்டில் பாசறை அரசன் உறங்காதிருக்கிறான். அவன் நினைவில் வருவன பகைவர் அல்லர். புண்பட்ட யானைகள், இறந்துபட்ட வீரர், அம்பு தைத்த வலியால் செவி சாய்த்து உண்ணாமல் நிற்கும் குதிரைகள். குதிரை உண்ண மறுப்பதும் அதன் செவி தொங்குவதும் நோயின் முதல் அடையாளங்கள். குதிரையோடு வாழ்ந்தவர் எவரும் இதனை அறிவர். நப்பூதனார் பொன் வாணிகர் ஒருவரின் மகன் என்று பாட்டின் குறிப்பு சொல்கிறது. இந்நுட்பத்தை அவர் தாமே கண்டிருக்கலாம். பந்தியில் பணிசெய்தோர் சொல்லக் கேட்டும் இருக்கலாம்.

தீனி

குதிரை வளர்ப்பில் அன்பும் அறிவும் பிரிந்து நிற்பதைத் தெளிவாகக் காட்டுவது அதற்கு இட்ட உணவு. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் இருவகைக் குதிரைகள் வருகின்றன. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது. அதுவே போர்முகத்தைக் கடல் பிளக்கும் தோணி போலப் பிளந்து செல்கிறது. மருதநில மன்னரின் குதிரைகள் நெய் பெய்து மிதித்த உணவை உண்டவை. பிடரி மயிர் கொய்து மாலை சூட்டப்பெற்றவை. அவை முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கும் மகளிரைப் போல விலகி நின்றன. இதனைச் சிறுகுடி மன்னனின் வீரத்தைப் போற்றும் பாட்டாகவே பொதுவாகக் கொள்வர். அதற்குள் பந்திக் காவலர் அறிந்த செய்தியும் அடங்கியிருக்கிறது: ஊட்டியும் அணிந்தும் வளர்க்கப்பட்ட குதிரை உழைக்கும் குதிரையாக அமைவதில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இச்செய்தி மீண்டும் எழுகிறது; இம்முறை அயலார் எழுத்தில். பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும், பாரசீகத்திலிருந்து எழுதிய வஸ்ஸாஃபும் குதிரை இறக்குமதியை விவரிக்கின்றனர். கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளும், பாரசீக வளைகுடாவின் பிற துறைகளிலிருந்து 10,000 குதிரைகளும் வந்தன என்பது வஸ்ஸாஃபின் கணக்கு. ஒன்றன் விலை 220 செம்பொன் தினார். கடலில் இறந்த குதிரைக்கும் அரசன் கருவூலத்திலிருந்து விலை கொடுக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை அரசன் வாங்குவான்; அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குவர்; ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சா என்கிறார் போலோ. இவ்வெண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. விற்பவர் தரப்பிலிருந்து வந்த கணக்கு பெருகுவது இயல்பு. ஆயினும் காயல் துறையில் குதிரை பெருமளவில் இறங்கியது என்பதிலும், இறங்கியவை விரைவில் மாண்டன என்பதிலும் இருவரும் ஒத்துச் சொல்கின்றனர்.

ஏன் மாண்டன? சமைத்த சோறும் வெந்த இறைச்சியும் குதிரைக்கு இடப்பட்டன என்கிறார் போலோ. வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தவசமும் காய்ச்சிய பசும்பாலும் இடப்பட்டன என்கிறார் வஸ்ஸாஃப். இருவரும் இதனை அறியாமை என்றே எழுதிச் சென்றனர். அவ்வாறு மட்டும் கொள்வது பொருந்தாது. சோறு, நெய், பால் என்பவை தமிழர் தம் விருந்தினர்க்கு இட்ட உணவுகள். பெரும்பொருள் கொடுத்துப் பெற்ற குதிரையை அவர்கள் விருந்தாகவே நடத்தினர். தாம் உயர்ந்ததென மதித்ததை அதற்கும் ஊட்டினர். நெய்யூட்டுதல் மட்டுமே கேடு என்றும் கூற இயலாது. அக்பரின் அரண்மனைக் குதிரைகளுக்கும் நெய்யும் சர்க்கரையும் அளிக்கப்பட்டதை அயினி அக்பரி பதிவு செய்கிறது. கேடு வேறிடத்தில் இருந்தது. நாற்பது நாள் முளையில் கட்டி அசையவிடாமல் கொழுக்க வைத்து, பின்னர்ப் பயிற்சி இன்றியே ஏறி விரட்டினர் என்று வஸ்ஸாஃப் சொல்லும் வழக்கமே குதிரையின் உடலைக் கெடுக்கப் போதும். குளம்புக்கு லாடம் கட்டுவோரும் மருத்துவரும் இங்கு இல்லை என்றும், தம் விற்பனை குறையும் என அஞ்சிய வணிகர் அத்தொழிலாளர் இங்கு வராமல் தடுத்தனர் என்றும் போலோ கூறுகிறார். இது உண்மையாயின், குதிரையை விரும்பியவர்க்கும் குதிரைக்கும் நடுவில் நிற்க வேண்டிய அறிவுடைய ஒருவனை அக்கடற்கரையில் வாணிகமே நிற்கவிடவில்லை என்றாகும்.

பந்தியில் இருந்தவர்

அந்த ஒருவனுக்குத் தமிழில் பெயர் இல்லாமலில்லை. வாதுவன், பாகன், தேரோட்டும் வலவன் என நூல்கள் அவனைக் குறிக்கின்றன. வினைமுற்றி மீளும் தலைவன் முல்லைப் பாடல்களில் வலவனிடமே மனம் திறந்து பேசுகிறான். துணையோடு பூவில் தங்கும் வண்டுகள் வெருவாமல் இருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிய தலைவனை அகநானூறு போற்றுகிறது. மணியைக் கட்டச் சொன்னவன் தலைவன். கட்டிய கை எவருடையது என்று பாட்டு சொல்வதில்லை. காரியின் குதிரைக்குப் பெயர் உண்டு. அதனைத் தேய்த்துக் குளிப்பாட்டியவன் பெயர் கிடைக்கவில்லை. கல்வெட்டுகளிலும் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கொடையாளராக இடம்பெறுகின்றனர். புல் அரிந்தவர் அவ்வாறு இடம்பெறுவது அரிது.

மாணிக்கவாசகர் வரலாற்றில் இவர்களுக்கு ஒரு சிறு இடம் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நரி பரியாக்கிய படலம் 59ஆவது. பரி நரியாக்கிய படலம் 60ஆவது. குதிரை வாங்கத் தந்த அரசன் பொருளைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்ட அமைச்சருக்காக இறைவன் குதிரை வணிகனாக வருகிறான். அரசன் பகலில் குதிரைகளைக் கண்டு மகிழ்ந்து பரிசளிக்கிறான். இரவில் அவை நரிகளாகிப் பந்தியிலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துச் சிதைக்கின்றன. பக்தி நூலாகப் படிப்போர் இறைவனின் ஆடலையே காண்பர், அது முறையே. வரலாற்று நோக்கில் படிப்போர்க்கு இன்னொன்றும் புலப்படும். குதிரையின் நிறத்தையும் நடையையும் சுழியையும் கண்டு அரசன் ஏமாறுகிறான். உண்மை விடியுமுன் பந்தியிலிருந்தோர்க்கே தெரிகிறது. கண்காட்சியில் குதிரையைக் காண்பதற்கும் அதனோடு இரவைக் கழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கதை அறிந்திருக்கிறது.

குதிரை இல்லாதவர்

உடைமை சிலர்க்கே வாய்த்தது; விருப்பமோ எல்லார்க்கும் இருந்தது. காதலில் தோற்றவன் பனைமடலால் குதிரை செய்து தெருவில் ஏறி வருவதாகச் சங்கப் பாடல்கள் கூறும் மடலேறுதல் இதற்கு முதற்சான்று. குதிரைமேல் வருபவனை ஊர் நிமிர்ந்து பார்க்கும். மடல்மேல் வருபவனையும் ஊர் பார்க்கும், நாணத்தோடு. உயர்வின் உருவத்தையே இழிவின் உருவமாக மாற்றியதில் அக்காலத்தார் குதிரையை எவ்வளவு உயர்வாகக் கருதினர் என்பது விளங்கும். தஞ்சைப் பகுதியில் வேரூன்றிய பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் ஆடுபவன் ஒருவனே குதிரையும் ஆகிறான், அதன்மேல் வீற்றிருக்கும் அரசனும் ஆகிறான். இவ்விருவரும் ஓருடலில் சேர்வது காரியின் பெயரை நினைவூட்டுகிறது.

புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் நிகழும் புரவி எடுப்பு இன்னும் ஆழமானது. ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார் அம்மண்ணால் குதிரை வனைந்து சுட்டு வண்ணம் தீட்டுகிறார். கண் திறந்தபின் ஊரே அதனைத் தூக்கிச் சென்று அய்யனார் கோயிலில் நிறுத்துகிறது. அய்யனார் இரவில் அதிலேறி ஊர் எல்லையைக் காவல் சுற்றுவார் என்பது நம்பிக்கை. குதிரையே ஏறியிராத தலைமுறைகளின் கைகள் அதன் கழுத்து வளைவையும் விரிந்த மூக்கையும் மணிமாலையையும் பிழையாமல் செய்துவந்துள்ளன. உடையவர் அங்குக் கடவுள். குதிரையைச் செய்வதும் சுமப்பதும் அதனருகே பொங்கலிடுவதும் ஊராருடைய பணி. திருவரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்கால் தூக்கி எழும் நாயக்கர் காலக் குதிரைகளைக் காணப் பயணிகள் திரள்கின்றனர். அவற்றின் காலடியில் கல்லில் நிற்கும் காலாட்களை நின்று பார்ப்பவர் குறைவு. மண் குதிரைக்குப் பக்கத்தில் நிற்பவர்களோ உயிருள்ள மனிதர்கள்.

நெடுந்தீவு

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் உள்ள நெடுந்தீவில் இக்கதை தலைகீழாகிறது. அங்குப் போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளை ஒல்லாந்தர் படைத்தேவைக்காகப் பெருக்கினர். ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்திலும் வளர்ப்பு நீடித்தது. பின்னர் ஆட்சியாளர்க்கு அவை வேண்டாதவையாயின. உடையவர் போய்விட்டனர், குதிரைகள் தங்கிவிட்டன. காயலில் பொன் கொடுத்தும் பிழைக்காத இனம், எவரும் ஊட்டாத இவ்வறண்ட தீவின் புல்வெளியில் தானே ஈன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகிறது. உருவில் சிறுத்து மட்டக் குதிரைகளாகியும் அவை கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. பழைய இலாயத்தின் முருகைக்கல் தூண்கள் வெளியில் நிற்கின்றன.

கட்டிவைக்கப்படாத குதிரைக்கு இந்நிலம் ஏற்றதே என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாகாது. கோடையில் நீர் வற்றும்போது அவற்றுள் பல மடிந்த செய்திகள் உண்டு. அக்காலங்களில் தொட்டிகளில் நீர் நிரப்பி வைப்போர் அக்குதிரைகள்மேல் ஏறுவதில்லை. அவற்றை விற்பதும் இல்லை. குதிரைகள் செவியை முன்னே சாய்த்து நீரருகே வருகின்றன. குடித்தபின் வெளிக்குத் திரும்பிவிடுகின்றன.