டில்லியில் அச்சான ஒரு பொய்

1983 ஜூலையில் டில்லியின் 'பேட்ரியட்' நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. எய்ட்ஸ் நோயை உண்டாக்கியது அமெரிக்க ராணுவம்தான் என்றது அது. எழுதியவர் 'பிரபல அமெரிக்க விஞ்ஞானி'யாம். பெயர் மட்டும் கிடையாது. பிரபலமானவருக்குப் பேர் இல்லாமப் போகுமா? அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உண்மையில் இது சோவியத் உளவுத்துறை கே.ஜி.பி.யின் கைவரிசை. 1985 அக்டோபரில் ஒரு மாஸ்கோ வார இதழ், "இந்தியப் பத்திரிகையே சொல்லுதே" என்கிற தோரணையில் அதே கதையை எழுதியது. தான் வைத்த கடிதமே தனக்குச் சாட்சி! முதலில் மாஸ்கோவிலேயே அச்சிட்டிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? பிறகு 80 நாடுகளுக்கு மேல் பரவியது. 1987இல் சோவியத் விஞ்ஞானிகளே இதை மறுத்தார்கள். 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் உண்மையை ஒப்புக்கொண்டார். கதை மட்டும் இன்னும் உலவுகிறது.